கண்டாக்கையாவின் பம்பு

கண்டாக்கையாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அவருடைய பம்புதான் வந்து நிற்கிறது. சைக்கிளின் குறுக்குக் கம்பிக்குக் கீழே, இரண்டு கொளுவிகளுக்கு நடுவில், வெள்ளி போலத் துடைத்து மாட்டியிருப்பார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர். பம்பு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. மலையில் சைக்கிள் என்பது பாதி வழி நம்மைச் சுமக்கும், மீதி வழி நாம் அதைச் சுமக்க வேண்டும். காற்றும் இறங்கிவிட்டால் வாதம் வந்த உறவினரை அழைத்துப் போவதைப் போலத்தான். அப்போது நடப்பதா, அவரிடம் கேட்பதா என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலானோர் நடந்தார்கள்.

கண்டாக்கையா என்றால் துரைக்கு அடுத்தபடியாக மலையில் நின்று வேலை வாங்குகிறவர். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். எந்தத் தாளிலும் எழுதாத சட்டம் என்பதால் யாராலும் அதை மாற்ற முடியவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆசிரியர் நியமனத்துக்கான விண்ணப்பத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நானுஓயாவுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பஸ் பிடித்து, பகலுக்குள் நுவரெலியாவில் கொடுக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக் கீழே, வளைவில் கண்டாக்கையா நின்றார். புரட்சி செய்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. பிரேக் சரியில்லை, அவ்வளவுதான். அவரைத் தாண்டிப் போய்த்தான் நின்றேன்.

கூப்பிட்டார். தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். குனிந்து முன்சக்கரத்து வால்வைத் திருகி எடுத்தார். புஸ்ஸென்று இறங்கி முடியும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, வால்வை என் கையிலேயே வைத்தார்.

“காத்து கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி, ஒனக்கு.”

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றுவிட்டன. அந்த நிரையில் மூன்றாவது ஆள் என் அம்மா. கண்டாக்கையா பம்பை விரலால் தட்டிக் காட்டினார். “வேணுமா? கும்புட்டுக் கேளு, தாரேன்.”

தள்ளிக்கொண்டு நடந்திருக்கலாம்; பஸ் போயிருக்கும். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அது இரவல் சைக்கிள். கும்பிட்டேன். சத்தமாகக் கேட்கச் சொன்னார், சத்தமாகவும் கேட்டேன். எழுபது அடி அடித்தேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டு பார்த்தார். அம்மா முகத்தைச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடியும் பறிக்கத் தொடங்கியது மட்டும் எனக்குத் தெரிந்தது. அன்று மாலை வீட்டில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “காரியம் ஆச்சில்ல?” ஆயிற்று. பஸ்ஸும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அதுதான் சிக்கல். கண்டாக்கையா பம்பைத் தராமல் போயிருந்தால் எப்போதோ அவரை மன்னித்திருப்பேன்.

மன்னிக்காமல் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன். வாக்கியத்துக்கு உதாரணம் வேண்டிய போதெல்லாம் கண்டாக்கையாவைத்தான் கூப்பிட்டேன். கண்டாக்கையா வழுக்கி விழுந்தார். கண்டாக்கையாவை அட்டை கடித்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவரைக் குப்புறத் தள்ளியே எழுவாய் பயனிலை கற்றார்கள். கோழையால் செய்ய முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான் என்று நானும் திருப்திப்பட்டிருந்தேன்.

பிறகு சர்க்கரை வந்தது. டொக்டர் சொல்லி ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். பையில் எப்போதும் ஒரு கைப்பம்பு. இனி யாரிடமும் கேட்பதாக இல்லை. சைக்கிள் விற்ற கடைக்கார நாநா, கட்டைவிரல் பருமனில் இரும்புக் குப்பி ஒன்றையும் தந்தார். சோடாவில் இருக்கிற அதே காஸ். திருகினால் ஐந்து விநாடியில் டயர் கல்லாகிவிடும். “அவசரத்துக்கு மட்டுந்தான் மாஸ்டர். இது ரப்பருக்குள்ளால கசிஞ்சிரும். வீட்டுக்குப் போன ஒடனே எறக்கிட்டு பம்பால அடிச்சிருங்க. இல்லாட்டி விடியக்குள்ள சப்பையாப் போயிரும்” என்றார்.

போன மாதம் காலை ஒன்பது மணியளவில், நானுஓயா வீதியில் ஒரு கிழவர் புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்தார். முன்சக்கரம் தரையோடு. கிட்டே வந்ததும், நான் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பது தெரிந்தது. மூளைக்கு முன்னால் கால்கள் அவரை அடையாளம் கண்டுவிட்டன.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கிய சைக்கிளாம், தனக்கும் சர்க்கரையாம். “பம்பு ஒண்ணு இருக்குங்களா சேர்?” என்றார். எச்சில் தொட்டு வால்வில் வைத்து டயரை அழுத்தினேன், குமிழி வந்தது. டயரில் ஓட்டை இல்லை, வால்வுதான் தளர்ந்திருந்தது. இறுக்கினேன். இனிக் காற்று மட்டும் போதும். உண்மையைச் சொல்கிறேன், என் கை முதலில் பையிலிருந்த பம்பைத்தான் எடுத்தது. நானே அடித்துக் கொடுப்பதாகவும் இருந்தேன்.

அதற்குள் அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டார். “நீங்க பன்னெண்டாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்த அந்தம்மா மகன்தானே? மாஸ்டரா போனவரு?” முகமெல்லாம் மலர்ந்தது. “அன்னைக்கு நீங்க காத்து இல்லாம நின்னீங்க, நான்தானே பம்பு குடுத்து அனுப்புனேன். ஞாபகம் இருக்குங்களா? எல்லார்கிட்டயும் சொல்லுவேன், நம்ம தோட்டத்து மாஸ்டரு என் பம்புல போன ஆளுன்னு.”

காற்று எப்படி இல்லாமல் போனது என்பது அவருக்கு நினைவில்லை. நடிப்பாக இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அந்த முகத்தில் நடிப்பே இல்லை. எனக்கு நல்லது செய்ததாகவே முப்பது வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

பம்பைப் பைக்குள் திரும்ப வைத்தேன். குப்பியை எடுத்துத் திருகினேன். கையில் பனி பிடிக்க, ஐந்தே விநாடியில் டயர் நிமிர்ந்தது. பெருவிரலால் அழுத்திப் பார்த்து அசந்துபோனார். “இந்தக் காத்து நிக்குமுங்களா மாஸ்டர்?”

“நிக்குமுங்க,” என்றேன். நாநா சொன்னதில் ஒரு சொல்லையும் சொல்லவில்லை. மேலே அடுத்த வளைவில் பச்சைக் கேட் போட்ட வீடு என்னுடையது, தேவையென்றால் வாருங்கள், பம்பு இருக்கிறது என்று மட்டும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை பிளேன்டீயோடு வாசலில் உட்கார்ந்தேன். அந்நேரம் அவர் வீட்டுச் சுவரோரம் முன்சக்கரம் தரையோடு அமர்ந்திருக்கும். பம்பைத் துடைத்து, வெள்ளி போலாக்கி, என் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் மாட்டி, வீதிக்குத் தெரியும்படி நிறுத்தி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வந்து கேட்கட்டும். எப்படிக் கேட்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.