அடைக்கோழி கடகம், பூனை சிம்மம்: அஞ்சலை அம்மாள் நினைவாக

அஞ்சலை அம்மாள் காலமான செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் அப்போது பஞ்சாங்கத்தை விரித்து வைத்து, அன்றைய நட்சத்திரத்தைக் கோயில் பலகைக்காகக் குறித்துக்கொண்டிருந்தேன். "பூக்கடை அஞ்சலக்கா தவறிட்டாங்க" என்று ஒரே வரி. அதன் கீழே ஆறுதல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கைபேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கே போய்விட்டது. எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் அது பொய். போன ஆண்டு நான் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தபோது இதே குழுவில் எனக்கு வந்தவை நான்கு கைகூப்பிய படங்கள். அதில் ஒன்றை அனுப்பியவள் என் மனைவி.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் வெளியூர்க்காரர்கள் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரந்தாவ் என்ற சிற்றூருக்குச் சற்று வெளியே எங்கள் மாரியம்மன் கோயில். வாசலில் அஞ்சலையின் பூக்கடை. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் அர்ச்சனைச் சீட்டுக் கௌண்டர். அதில் பதினைந்து ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் நான், ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். என் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தர். அஞ்சலை அதே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்களின் மகள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வரிசை வீடுகள் உடைபட்டன. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ரந்தாவ் தாமான்களுக்கு, அதாவது புதிய குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டார்கள்.

அர்ச்சனைச் சீட்டில் பெயர், ராசி, நட்சத்திரம் எழுத வேண்டும். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் பலருக்கு ராசி தெரியாது. "தெரியாதுங்க ஐயா, சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நான் உதவ நினைத்தேன், உண்மையாகவே. "பிறந்த திகதி இருக்குத்தானே? ஐசியைக் காட்டுங்கோ, ரெண்டு நிமிசத்தில கணிச்சுத் தாறன்" என்பேன். அறுபது ஆண்டுப் பஞ்சாங்கம் கட்டுக்கட்டாக என்னிடம் இருக்கிறது. ஒருவர்கூட ஐசியை, அந்த அடையாள அட்டையை, எடுத்ததில்லை. எல்லோரும் ஒரே மாதிரி சிரித்து, ஒரே மாதிரி சொன்னார்கள். "அது வேணாம் ஐயா."

வேண்டாம் என்றவர்கள் நேரே பூக்கடைக்குப் போனார்கள்.

முதன்முதலில் எனக்கு இது தெரிந்தது செல்வம் மூலமாக. செல்வம் லோரி ஓட்டுநர். செண்டாயான் தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றுபவர், ஐம்பத்தெட்டு வயது, மார்பு வரை தாடி. ஒரு நாள் கௌண்டரில் வந்து நெஞ்சை நிமிர்த்தி, "செல்வம், கடக ராசி" என்றார்.

"ஆர் சொன்னது?"

"அஞ்சலக்கா. நான் அடைக்கோழியாம்லா ஐயா."

விசாரித்தேன். யாரோ வீட்டுக் கோழி ஒன்று செல்வத்தின் பழைய டயருக்குள் முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டதாம். மூன்று வாரம் அந்த டயரை அவர் நகர்த்தவில்லை. வீட்டுக்கு முன்னால் லோரி நிறுத்த இடமில்லாமல் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். அஞ்சலை எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான். "உன் வூட்டுக்குப் பின்னால சுத்துறதுல எதை வெரட்ட உனக்கு மனசு வரல?" பதிலைக் கேட்டுவிட்டு, ஆளையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ராசியைச் சொல்லிவிடுவார். அத்தனை பெரிய மனிதர் தன்னை அடைக்கோழி என்று சொல்லிக்கொண்டு சந்தோஷமாகச் சன்னிதிக்குள் போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரமே பூக்கடை முன்னால் போய் நின்றேன். சிம்மத்துக்கு என்ன விலங்கு என்று கேட்டேன். பூனை என்றார். சிம்மம் என்றால் சிங்கம் அல்லவா என்றேன்.

"சிங்கத்தை ரந்தாவுல எவன்லா பாத்தான் ஐயா? பூனையைப் பாருங்க. சோறு போடுறவங்களையே வேலக்காரி மாதிரி பாக்கும். அதுக்கு மேல ஒரு சிங்கமா?"

துலாம் என்றேன். தராசுக்கு என்ன செய்வார் என்று பார்ப்போம். "அணிலு. ஒத்தக் கம்பில ஓடும், வுழாது" என்றார், மாலை கட்டுவதை நிறுத்தாமலே. மகரம் என்றேன். "மொதலங்கிறாங்க, மீனுங்கிறாங்க. நம்ம வூட்டுப் பின்னால ஆடுதான் நிக்குது. ஆடுன்னே இருக்கட்டுமே." கும்பத்துக்குத் தவளை, மீனத்துக்கு வாத்து. ரிஷபத்துக்கு நத்தை என்றபோது நான் காளை எங்கே நத்தை எங்கே என்று சத்தம் போட்டேன். "ரெண்டும் மெதுவா வந்து மொத்தத்தையும் தின்னுட்டுப் போவும்" என்றார். பூ வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சாத்திரம் பேசிய நாளெல்லாம் அந்த வாசலில் ஒருவரும் சிரித்ததில்லை, அழுததும் இல்லை.

இது வீடு வரைக்கும் வந்தது. என் மனைவி மிதுனம். அவளுக்கு முறையான ஜாதகம் உண்டு. வீட்டில் அதிகம் பேசாதவள். ஒரு நாள் அடுப்படியில் யாருடனோ கைபேசியில், "நானோ? நான் மைனா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மைனா எப்போதும் இரண்டாகத்தான் வருமாம், வாய் ஓயாதாம், அதனால் மிதுனமாம். நாற்பது ஆண்டில் நான் கேட்காத பேச்சையெல்லாம் அவள் பூக்கடையில் பேசியிருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து நான் செய்ததை உங்களில் சிலர் ஊகித்திருப்பீர்கள். கோயில் நிர்வாகக் குழுவுக்குப் புகார் எழுதியவன் நான்தான். கோயில் வாசலில் சாத்திரத்துக்குப் புறம்பான ராசிக் கணிப்பு நடக்கிறது, பக்தர்கள் தவறாக வழிநடத்தப்படுகிறார்கள் என்று இரண்டு பக்கம். குழு அஞ்சலையைக் கூப்பிட்டது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார். புகார் கொடுத்தது யார் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

"சரிங்க. இனிமே வாசல்ல சொல்லல" என்றார் தலைவரிடம். கதவு வரை போனவர் திரும்பினார். "ஐயா, நீங்க உடும்புதான். புடிச்சா விடமாட்டீங்க."

தலைவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் விருச்சிகம். அதை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என் மனைவி சொல்லியிருப்பாள்.

வாசலில் சொல்வதில்லை என்றால் வாசலில் சொல்வதில்லைதான். யாராவது கேட்டால், "வூட்டுக்கு வா" என்பார். ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிக்கொண்டு நான் அந்தத் தெரு வழியாகவே நடந்தேன். மோட்டார்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒரு நாள் பின்பக்கச் சாக்கடை ஓரமாகப் போனபோது வேலிக்குள் பார்த்தேன். கவிழ்த்த வாளியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். காலைச் சுற்றி வாத்துகள். எதிரே ஏழெட்டுப் பேர், எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஐயா, ஏன் அங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததையும் பார்த்தேன்.

இனி பதினாறாம் நாளுக்கு வருகிறேன். அன்று கோயிலில் அவருக்கு மோட்ச தீபம். பிராகாரத்தில் நிற்க இடமில்லை. என் இறுதிச் சடங்குக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று நான் கணக்குப் போட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். குருக்கள் பெயர், ராசி, நட்சத்திரம் கேட்டார். அஞ்சலையின் மகள் மலர் விழித்தாள்.

"தெரியாது சாமி. ஊருக்கெல்லாம் சொன்னாங்க, அவங்களுக்கு மட்டும் சொல்லிக்கவே இல்ல."

கூட்டத்தில் ஒருவர் அக்கா கோழிதான் என்றார். இன்னொருவர் வாத்து என்றார். அக்கா எங்க ராசிதான் என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். நான் முன்னால் வந்தேன். கடைசியில் அவருடைய காரியத்துக்கே என்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. "பிள்ளை, அம்மாவின்ர ஐசியைத் தா. ரெண்டு நிமிசம்" என்றேன்.

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். "அது வேணாம் ஐயா."

எனக்குப் பொறுக்கவில்லை. தீபத்தின் முன்னாலேயே குரல் உயர்ந்துவிட்டது. "பதினைஞ்சு வருசமா எல்லாரும் இதைத்தான் சொல்லுறீங்கள். நான் கணிச்சா என்ன பிழை? நான் என்ன படிக்காதவனோ?"

பிறகு செல்வம் தன் பணப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"படிங்க ஐயா. மார்ச் ஒன்னாந் தேதி. ஆனா எங்கம்மா நான் தைப்பூசத்துக்கு மறுநாள் பொறந்தேன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிச்சு. தைப்பூசம் மார்ச்சுலயா வருது?"

வரவே வராது. அந்த நிலையிலும் என் மூளை தானாகக் கணித்தது. பூசத்துக்கு மறுநாள் ஆயில்யம். ஆயில்யம் என்றால் கடகம். ஒரு டயரையும் கோழியையும் வைத்து அஞ்சலை சொன்னது சரி.

பக்கத்தில் நின்ற அம்மாள் தன் அட்டையைக் காட்டினார். ஜூலை ஒன்று. அவருக்குப் பின்னால் ஒருவர், நவம்பர் ஒன்று. மலர் தன் அம்மாவின் அட்டையை எடுத்தாள். அதுவும் ஒன்றாம் தேதிதான்.

"தோட்டத்துல பொறந்த எங்க எல்லாருக்கும் ஒன்னாந் தேதிதான் ஐயா" என்றார் செல்வம். "பெரிய கிராணி மாசத்துக்கு ஒரு தடவதான் அந்தப் பொறப்பு எழுதுற புக்கைத் தொறப்பாரு. வந்து சொன்னா, சரி சரி போன்னுவாரு. அப்புறம் எல்லாத்தையும் ஒன்னாந் தேதின்னே எழுதிடுவாரு."

அப்பா மாதம் பிறந்ததும் மசி ஊற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தின் முன் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய கையெழுத்தைப் போல ஒரு கையெழுத்து இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வந்தவன் நான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

செல்வம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அக்கா வேணாம்னுச்சு. நீங்க மொதல்ல கௌண்டர்ல வந்து உக்காந்தப்ப நாங்க நாலு பேரு சொல்லத்தான் வந்தோம். அக்காதான் வாசல்லயே நிறுத்திடுச்சு. 'அவரு அப்பா பேரைச் சொல்லிக்கிட்டு இருக்காருலா. அதைப் போயி ஏன் கெடுக்கணும்? ஐசி கேட்டா வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. ராசி நான் குடுக்கிறேன்'னுச்சு. அப்ப ஆரம்பிச்சதுதான் இந்தக் கோழி பூனை எல்லாம்."

குருக்கள் காத்துக்கொண்டிருந்தார். யாரோ பின்னாலிருந்து, "எல்லா ராசியும் சொல்லிடுங்க சாமி" என்றார்கள். அவர் மேஷத்தில் தொடங்கி மீனம் வரை பன்னிரண்டையும் சொல்லித் தீபத்தைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து, அப்பா தன் கையால் எழுதிய என் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். நான் பிறந்த நாழிகை, விநாடி வரை இருக்கிறது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பார். ஒரு பிள்ளைக்கு விநாடி பார்த்த மனிதருக்கு மற்றப் பிள்ளைகளுக்கு நாள்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. பதினைந்து ஆண்டுகள் நானும் அவர்களிடம் தேதியைத்தான் கேட்டேன். உன் அம்மா என்ன சொன்னார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அந்தப் புகாரைத் திரும்பப் பெறுவதாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆள் போன பிறகு அது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். தோட்டத்தில் பிறந்து ஒன்றாம் தேதி என்று எழுதப்பட்டவர்களே, அது உங்கள் நாள் அல்ல. அது என் அப்பாவின் சோம்பல். அஞ்சலை உங்களிடம் வாங்கிய வாக்கை நான் இதோ உடைத்துவிட்டேன். இனி நீங்கள் எனக்காக யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், நல்ல பதில் ஒன்றைச் சொல்ல ஆசைதான். ஒரு தோட்டமே பதினைந்து ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது, அந்தப் பூக்காரி ஒருமுறை கேட்டுக்கொண்டார் என்பதற்காக. என் சொல்லுக்காக என் வீட்டில்கூட ஒருவரும் ஒரு நாள் அப்படி இருந்ததில்லை. அவர் என்னைவிடப் பெரிய மனுஷி. இதை எழுதிய பிறகாவது பொறாமை தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை, கூடியிருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான், அதை நான் விடப்போவதும் இல்லை.