வேலிக்குள் போன கேபிள்

பிம்ப்ரி தொழிற்சாலையில் இயந்திரம் இடுப்பை நசுக்கிய நாளிலிருந்து சூர்யா கட்டிலோடு கிடந்தான். வாடகை கட்டி மாளாமல், பௌடு என்ற ஊருக்கு அப்பால் அவன் அப்பா வாங்கிப் போட்டிருந்த ஓட்டு வீட்டுக்கு அவனை அழைத்துப் போனாள் ஷீலா. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவது அவள் வேலை. புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். அவர்களுக்குச் சோறு போட்டது அந்த ஒன்றுதான்.

ஆனால் அந்த ஊர் இன்டர்நெட் இருக்கிறதே! டெலிபோன் வழியாக முக்கி முனகி வந்து, பாதி ஃபைலில் உயிரை விடும். இனி ஒரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அப்போதுதான், 2005 மழைக்கு முன்னால், ரோட்டோரம் ஃபைபர் கேபிள் புதைக்க ஆட்கள் வந்தார்கள். ஷீலாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வெளியில ஒரே பாறையாம். நம்ம வேலிக்குள்ள தோண்டிக்கச் சொல்லட்டுமா?"

"நமக்குக் கனெக்சன் உண்டான்னு கேட்டியா?" என்றான் சூர்யா.

"எடம் குடுத்தவங்கள மறந்துடுவாங்களா என்ன?"

ஊர் வழக்கப்படி அவளே தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் பேடா கொடுத்தாள். எருமைகள் கொம்பில் மாட்டி இழுக்கின்றன என்று போன வருஷம்தான் டெலிபோன் ஒயரை அதே வேலியோரம் புதைக்க வைத்திருந்தாள். பாவி, சந்தோஷத்தில் அது நினைவுக்கு வரவேயில்லை.

கடப்பாரை இறங்கியது. உள்ளே, போய்க்கொண்டிருந்த ஃபைல் நின்றது.

அறுந்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு மேஸ்திரியிடம் ஓடினாள். "புதுக் கேபிள்ல உடனே குடுத்துடுவீங்கல்ல, அண்ணா?" என்று இந்தியில் கேட்டாள்.

அவருக்கே பாவமாக இருந்தது. அண்ணி என்று மராத்தியில் அழைத்துச் சொன்னார்: "இது நேரா கொங்கணத்துக்குப் போற லைன், வஹினி. நடுவுல எந்த ஊருக்கும் கெடையாது."

டெலிபோன்காரர்கள் மழை விடட்டும் என்றார்கள். மழை விடுவதற்குள் வேலை போயிற்று. விட்ட பிறகும் யாரும் வரவில்லை. கிராமத்தில் செல்போனுக்கு டவரும் இல்லை.

இப்போது ஷீலா பிம்ப்ரியில் ஒரு பேக்கிங் கூடத்துக்குப் போகிறாள். சூர்யாவுக்குக் கையெட்டும் தூரத்தில் தண்ணீரும் சோறும் வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். ஒருநாள் கதவைச் சாத்தும்போது அவன் கேட்டான்:

"ஏதாவது ஆயிடுச்சுன்னா உன்னை எப்படிக் கூப்பிடறது, ஷீலா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பூட்டிவிட்டு, வேலிக்குள் கேபிளைப் புதைத்து மூடிய பள்ளத்தைத் தாண்டி நடந்தாள்.