சனிய்யா தூக்கிய குதிரை

ரீஹாம் இஸ்மாயிலியாவிலிருந்து போன் செய்தபோது, சனிய்யா சூயஸில் தான் வேலை பார்க்கும் சலவைக்கடையில் பதினோராவது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரீஹாம் சனிய்யாவின் தம்பி ஃபிக்ரியின் மகள்.

"அத்தை, என் பையன் ஹம்சாவுக்கு அஞ்சு வயசாயிடுச்சு. குதிரை சும்மா கால்ல இடறுது. அங்க என் தம்பிக்கும் குழந்தை பிறந்திருக்குல்ல? நீங்க வந்து எடுத்துட்டுப் போய்க் குடுத்துடுங்களேன்."

நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "சரிம்மா, வர்றேன்" என்றுதான் வந்தது.

மரக் குதிரை அது. அவளுடைய அப்பாவின் தாத்தா சூயஸ் துறைமுகப் பட்டறையில் தச்சராக இருந்தவர். தன் மகனுக்காகச் செய்தது. நீலச் சாயம், நான்கு சக்கரம், ஒரு காது இல்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் அதை இழுத்துத்தான் நடை பழகியது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அதைக் கொண்டுபோவது மட்டும் எப்போதும் சனிய்யாவின் வேலை. பிள்ளை இல்லாதவள், புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான், அவளுக்கென்ன வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பகல் முழுக்க நின்று நின்று அவள் கணுக்கால் வீங்கியிருப்பதை யாரும் குனிந்து பார்த்ததில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனாள். திரும்பும்போது மைக்ரோபஸ்ஸில் குதிரையை மடியில் வைத்துக்கொண்டாள். பின்சீட்டிலிருந்து ஒருவன், "பெரியம்மா, குதிரை இருக்கும்போது பஸ் எதுக்கு?" என்றான். வண்டியே சிரித்தது.

"இது என் மேலதான் சவாரி பண்ணும் ராசா, என்னை ஏத்தாது" என்றாள் சனிய்யா.

மறுநாள் குழந்தைக்கு ஏழாம் நாள் சடங்கு. ஃபிக்ரியின் வீடு மூன்றாவது மாடியில். ஒவ்வொரு மாடியிலும் குதிரையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். உள்ளே வழக்கப்படி குழந்தையைச் சல்லடையில் படுக்க வைத்து, பக்கத்தில் பித்தளை உரலைத் தட்டி, "அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காதே" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் அடங்கியதும் சனிய்யா குதிரையைச் சல்லடையோரம் வைத்தாள்.

ஃபிக்ரியின் மருமகள் டாலியா குழந்தையைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. பெயிண்டெல்லாம் உரியுது. வாயில வச்சுட்டா?"

"அவ சொல்றதும் சரிதானே அக்கா" என்றான் ஃபிக்ரி, வாய் நிறைய கடலையோடு. "இந்தப் பழங்கட்டையை இன்னும் எதுக்குச் சுமந்துட்டு அலையிறே?"

சனிய்யா சுவரோரம் உட்கார்ந்தாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"சண்டையில குண்டு விழுந்து எண்ணெய் ஆலை பத்தி எரிஞ்சப்ப உனக்கு மூணு வயசு. ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க. லாரியில ஏறும்போது, குதிரை இல்லாம வரமாட்டேன்னு நீ தரையில புரண்டே. அம்மா இடுப்புல கைக்குழந்தை, தலையில மூட்டை. எனக்கு ஒன்பது வயசு. ஒரு கையில நீ, இன்னொரு கையில பள்ளிக்கூடப் பை. பையைப் போட்டுட்டுக் குதிரையை எடுத்துக்கிட்டேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"எப்படி இருக்கும்? ஸகாஸீக் ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துலதான் தங்க வச்சாங்க. ஒரு வகுப்பறையில நாலு குடும்பம். அவ்வளவு வருஷம் பள்ளிக்கூடத்துக்குள்ளயே இருந்தேன், ஒரு நாள் பாடம் படிக்கல. நீ அழுதா குதிரையைக் கயிறு கட்டி இழுத்துக் காட்டணும், அதான் என் வேலை. ஊர் திரும்பினப்ப எனக்குப் பதினாறு. போன்ல உன் பேரைக்கூட இன்னும் படம் வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன்."

ஃபிக்ரி கையிலிருந்த கடலையைத் தட்டில் திரும்பப் போட்டான்.

"ஏன்க்கா இவ்வளவு நாளா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?" சனிய்யா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வச்சுக்கிறதோ, அடுப்புல வைக்கிறதோ, உங்க பாடு. இனிமே என்னால தூக்க முடியாதுப்பா."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி டாலியா கையைப் பிடித்தாள். சனிய்யா கொஞ்சம் அரிசிப் பாயசம் மட்டும் குடித்துவிட்டுப் படியிறங்கினாள். பாதிப் படியில் ஃபிக்ரி பின்னாலேயே ஓடி வந்தான். அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு வீடுவரை கூடவே நடந்தான். வழியில் இருவரும் மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த மாதமே அவன் குதிரையின் சாயத்தை முழுக்கச் சுரண்டி, வெறும் மரமாகத் தேய்த்து வைத்தான். அடுத்த கோடையில் பேத்தி அதை இழுத்து நடந்தாள். வந்து பார்க்கச் சொல்லி இரண்டு வெள்ளிக்கிழமை தொடர்ந்து போன் செய்தான்.

"கால் வலி கொஞ்சம் அடங்கட்டும், வர்றேன்" என்றாள் சனிய்யா. அவள் போகவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஃபிக்ரியே பேத்தியை ஒரு தோளிலும் குதிரையை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க அவள் வீட்டுப் படியேறி வந்தான்.

"என்ன கனம் கனக்குதுக்கா இது!" என்றான்.

"ஆமா" என்றாள் சனிய்யா. கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.