மஞ்சள் தண்ணீரில் போன சாட்சி

என் தங்கை புருஷன் பக்கிரிசாமிக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்தப் பாவத்தை ஆறு வருஷமாக அனுபவிக்கிறேன்.

ஸ்டீயரிங்கைத் தொடுமுன்பே விபத்துப் பாடத்தை அவன் தலையில் ஏற்றினேன். லாரியை நிறுத்து, ஓடாதே. அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. போலீசுக்கு ஆள் விடு. அவர்கள் வரும்வரை லாரியை நகர்த்தாதே.

போன மாதம் பர்மா ரோட்டில், சந்திலிருந்து மாடு மிரண்டு ஓடிவந்த, சுண்ணாம்பு ஏற்றிய மாட்டுவண்டி அவன் லாரியின் பக்கவாட்டில் மோதியது. வண்டிக்காரன் நெற்றி லாரிக் கதவில் இடித்து ரத்தம். பக்கிரிசாமி லாரியை நிறுத்தினான். அடிபட்டவனை ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினான். போலீசுக்கும் எனக்கும் ஆள் விட்டான். லாரியை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை.

நான் போனபோது லாரி பளபளவென்று நின்றது. பக்கத்துக் கடையில் மஞ்சள்தூள் வாங்கிக் கரைத்து, வாளி வாளியாக ஊற்றிக் கழுவி, முன்னால் எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தான். ரத்தம் பட்ட தீட்டாம்.

தமிழ் தெரிந்த சார்ஜன்ட் கேட்டார். “மாட்டுவண்டிதான் வந்து மோதிச்சுன்னா அடையாளம் எங்க?”

“கதவுல சுண்ணாம்பு அப்பியிருந்துச்சுங்க ஐயா. கழுவிட்டேன்.”

“தப்பு பண்ணாதவன் எதுக்குக் கழுவுறான்?”

கோர்ட்டில் மூன்று மாதத்துக்கு லைசென்சு போயிற்று. வீடு வரும்வரை கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

“கழுவச் சொன்னதே நீங்கதானே மச்சான்,” என்றான். “ஜெலுத்தோங் ரோட்டுல உங்க லாரில கோழி அடிபட்ட அன்னைக்கு.”