இராசதுரைக்குச் சொன்ன முடிவு

புஸ்பராணி அந்த நாவலை வாரப் பத்திரிகையில் தொடராக வாசித்தபோது அவளுக்குக் கலியாணமாகியிருக்கவில்லை. பிறகு அது புத்தகமாக வந்ததும் வாங்கினாள். வாசித்து வாசித்து அட்டை கழன்று போக, சீத்தைத் துணியால் ஒட்டி வைத்துக்கொண்டாள். மில்லில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்த புருஷனை, தையல் மிசினை மிதித்தே காப்பாற்றுகிற சௌந்தரம் என்பவளின் கதை அது. கடைசி அத்தியாயத்தில் புருஷன் இறந்துபோவான். சௌந்தரம் மறுபடியும் மிசினில் வந்து உட்காருவாள்.

கலியாணமாகிச் சில வருடங்களில், திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்கு ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் சரிந்து, அங்கே வேலை செய்த அவள் புருஷன் இராசதுரையின் இடுப்பில் விழுந்தன. அவன் ஒரு வருடத்துக்கு மேல் கட்டிலோடு கிடந்தான். புஸ்பராணி தன் காப்புகளை விற்று ஒரு பழைய மிசின் வாங்கினாள். அவர்கள் இருந்த அன்புவழிபுரத்தில் அந்த நேரம் தையல் தெரிந்தவர்கள் குறைவு. அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், கூச்சப்படாமல் சௌந்தரத்தின் பெயரைச் சொல்லுவாள்.

இராசதுரை புத்தகம் வாசிக்கிற ஆளில்லை. பொழுது போகாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்குத் தைத்தபடியே அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். மிசின் நிற்கும்போதெல்லாம் “பிறகு?” என்பான். கடைசி அத்தியாயம் வந்த பின்னேரம் அவன் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். புஸ்பராணி ஊசியில் நூல் கோக்கக் கொஞ்சம் நேரமெடுத்தாள்.

“பிறகென்ன, ஒருநாள் விடிய எழும்பிப் பாக்கிறாள், கட்டில்ல ஆளைக் காணேல்ல. அவர் எழும்பி வாசலடியில நிக்கிறார்.”

அடுத்த மாதம் இராசதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். ஆஸ்பத்திரி மருந்தும் காரணமாக இருக்கலாம். பிறகு துறைமுகத்திலேயே ஒரு ஸ்டோர் வாசலில் காவல் வேலை கிடைத்தது. ஒரு காலை இழுத்துத்தான் நடப்பான். ஆனால் நடந்தான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டில், அந்த நாவல் படமாகிறது என்ற செய்தி வந்தது. எடுக்கிறவர் புதுமாதிரியான இயக்குநர். அவருடைய படங்களில் ஆட்கள் அதிகம் கதைக்க மாட்டார்கள். பாதி முகம் இருட்டில் இருக்கும். யன்னலில் மழை பெய்துகொண்டேயிருக்கும். சினிமாப் பத்திரிகையில் வந்த படங்களில் சௌந்தரம் கையில்லாத சட்டையோடு ஒரு குளக்கரையில் நின்றாள். ஊர்ப் பெண்கள் அந்தப் படத்தைக் கொண்டுவந்து, “இதே மாதிரிச் சட்டை தைச்சுத் தாங்கோ” என்று கேட்டார்கள்.

“சௌந்தரத்திட்ட இருந்தது ரெண்டு சீலை. அவளுக்குக் குளக்கரையில என்ன வேலை?” என்று புஸ்பராணி எரிந்து விழுந்தாள். ஆனாலும் தைத்துக் கொடுத்தாள்.

கிண்ணியாவில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற, அங்கிருந்து படகில் துறை கடந்து வந்து அவளிடம் தைக்கக் கொடுக்கிற றஹ்மா ரீச்சரும் அந்த நாவலில் பைத்தியம். “படத்தப் பாக்காம ஏசாதீங்க அக்கா. அந்த மனிசன் எதையும் வடிவாத்தான் எடுப்பார்” என்றாள்.

புஸ்பராணியின் கவலை சட்டையில் இல்லை என்பது றஹ்மாவுக்குத் தெரியாது. இராசதுரை ஸ்டோர் வாசலில் வருகிற போகிறவர்களையெல்லாம் மறித்து, “எங்கட கதை படமா வருது” என்று சொல்லிக்கொண்டிருந்தான். முடிவையும் சேர்த்தே சொன்னான். “கடைசியில அவன் எழும்பி நடப்பான். அதப் பாக்கோணும்.” அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் புஸ்பராணி பேச்சை மாற்றப் பார்த்தாள். படம் இந்த ஊருக்கு வராமலே போனால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஆனால் அவளுடைய சௌந்தரம் திரையில் நடமாடுவதைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான்.

கொழும்பில் ஓடி முடிந்து, மற்ற ஊர்களும் சுற்றி, ஒருவழியாகப் படம் வந்து சேர்ந்தது. இராசதுரை வேட்டி மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். தியேட்டரில் புஸ்பராணி பாதி நேரம் திரையைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்தாள். அவளுக்கு மனப்பாடமான வசனங்கள் ஒன்றும் வரவில்லை. ஆனால் மிசின் வந்தது. இருட்டறையில் அதன் சத்தம் மட்டும் கேட்டபோது, இந்தப் படத்தை எடுத்த மனிதன் எப்படி என் வீட்டுக்குள் வந்தான் என்று திகைத்துப் போனாள்.

கடைசியில் விடிகாலை வெளிச்சம். கட்டில் வெறுமையாக இருந்தது. சௌந்தரம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிசினில் உட்கார்ந்தாள். ஒரு சொல் இல்லை, அழுகை இல்லை. படம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் இராசதுரை பெருமூச்சு விட்டான். “நீர் சொன்னமாதிரியேதான் எடுத்திருக்கிறான். ஆனா அவன் வாசலடியில நிக்கிறதையும் காட்டியிருக்கலாம்.”

புஸ்பராணி கடற்காற்று முகத்தில் பட, வீடு வரைக்கும் அவனுடைய நடைக்கு ஏற்றபடி மெல்ல நடந்தாள்.

அந்தக் கிழமை சட்டை எடுக்க றஹ்மா வந்தாள். அவளும் படம் பார்த்திருந்தாள். “அந்த மௌத்த எப்படிக் காட்டியிருக்கார் பாத்தீங்களா அக்கா? ஒரு சொல்லுமில்லாம.”

கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இராசதுரை நிமிர்ந்தான். “ஆர் செத்தது?”

“சௌந்தரத்திட புருஷன்தான். கட்டில் வெறுமையாக் கிடந்ததே.”

“எழும்பிப் போனாலும் கட்டில் வெறுமையாத்தானே ரீச்சர் கிடக்கும்?”

றஹ்மா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் புஸ்பராணியைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க அக்கா. புத்தகத்தில என்ன இருக்கு?”

புஸ்பராணி மிசினிலிருந்து காலை எடுத்தாள்.

“புத்தகத்தில அவர் செத்துப்போறார்.”

இராசதுரை கோப்பையைக் கீழே வைத்தான். “அப்ப எனக்கு நீர் மாத்திச் சொன்னனீர்.”

“ஓம். நீங்கள் அப்ப கட்டில்ல கிடந்தனீங்கள்.”

றஹ்மா சட்டையை மடிப்பதுபோல் குனிந்துகொண்டாள். இராசதுரைக்குக் கோபம் வரவில்லை. அவன் கேட்டது வேறு.

“அப்ப அந்தப் படக்காரன் ஏன் சாவைக் காட்டேல்ல?”

றஹ்மா, அதுதான் அவருடைய பாணி என்று ஏதோ சொல்லிப் பார்த்தாள். இராசதுரை இல்லை என்று தலையை ஆட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாகப் போய் இரண்டாம் முறை படம் பார்த்தான். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்:

“வடிவாப் பாத்தனான். போர்வையை ஒரு பக்கமாத் தள்ளி விட்டிருக்கு. எழும்பிப் போறவன்தான் அப்பிடித் தள்ளுவான்.”

புஸ்பராணி அவனுக்குச் சோறு போடக் குசினிக்குள் போனாள்.