1906 என்று ஒட்டிய புட்டி

மலைப் பள்ளத்தாக்கிலுள்ள கூவே ஊரில் மார்செலின் பார்பெசாவைச் சலவைக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் துணி துவைத்தது உண்மைதான். சோம்பும் மாசிபத்திரியும் சேர்த்து அப்சிந்த் என்ற சாராயத்தைக் காய்ச்சினால் தெருமுனை வரை மணக்கும். அந்த மணத்தை அமுக்கத்தான் அவள் வீட்டில் சவர்க்கார அண்டா எந்நேரமும் கொதித்தது. 1910இல் அரசாங்கம் அப்சிந்தைத் தடைசெய்த பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அதைக் காய்ச்சவில்லை. யாரும் குடிக்காமலும் இல்லை. ஊர்ப் போலீஸ்காரருக்கே மாதம் இரண்டு புட்டி, வெளுத்த சட்டைகளுக்கு அடியில் போகும்.

தடைக்கு முந்தைய சரக்கு பச்சை. வருடங்கள் போனால் சருகு நிறமாகும். பச்சை காட்டிக்கொடுக்கும் என்பதால் பிற்பாடு வந்தவர்கள் நிறமேற்றுவதையே விட்டார்கள். மார்செலினுடையது தெளிந்த நீர் போலிருக்கும். குளிர்ந்த தண்ணீர் விட்டால் நீலம் பாய்ந்த பாலாகக் கலங்கும். அதனால் ஊரில் அதன் பெயரே நீலம்.

1968இல் தலைநகர் பெர்னிலிருந்து வந்த மது ஆய்வாளர்கள் அவளுடைய வடிகலத்தைக் கோடரியால் பிளந்தார்கள். மூன்று மாதம் அவள் நிஜமாகவே துணி மட்டும் துவைத்தாள். பிறகு ஒருநாள் கணவன் நூமா புதுச் செம்புக்கலத்தோடு வந்து, தன் அக்கார்டியனை விற்றுவிட்டதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நடனங்களுக்கு அவன் வாசிப்பதுதான் ஊருக்கே சந்தோஷம். அதன்பின் பதினெட்டு வருடம் அவன் வாசிக்கவில்லை.

சென்ற குளிர்காலத்தில் நூமா போய்ச் சேர்ந்தான். பரணைச் சுத்தம் செய்தபோது வைக்கோலுக்குள் அக்கார்டியன் இருந்தது. அப்படியானால் செம்புக்கலம் எங்கிருந்து வந்தது? கேட்க ஆளில்லை.

ஏப்ரலில் அருங்காட்சியகத்து ஜாக்கே ஒரு புட்டியோடு வந்தார். 1906 என்று லேபிள். 1968இல், தாத்தா வீட்டுச் சுவரை இடித்தபோது கிடைத்தது என்று நூமாவே அவர்களுக்கு விற்றதாம். இப்போது மூடியின் மெழுகு விரிசல் விட்டுவிட்டது. வீணாவதற்குள் பள்ளத்தாக்கின் நல்ல மூக்கு ஒன்று மோந்து, ருசி பார்த்து, அசல்தான் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். புதுக் கண்காட்சியில் புட்டியின் பக்கத்திலேயே வைப்பார்களாம்.

மார்செலின் இரண்டு டம்ளரில் ஊற்றினாள். நிறம் சரியான சருகு. தண்ணீர் விட்டாள். சருகுக்கு அடியிலிருந்து நீலம் எழுந்தது. ஒரு வாய் குடித்தாள். அவள் எப்போதும் சேர்க்கும் வீட்டுக் கொல்லைப் புதினா நாக்கில் வந்து உட்கார்ந்தது.

அசல் என்று எழுதினால் நூமா யோக்கியனாகவே மண்ணுக்குள் கிடப்பான். இல்லையென்றால் அவன் மோசடிக்காரன், அவள் கள்ளச்சாராயக்காரி.

"இந்த மாதிரி இப்ப யாராலயும் காய்ச்ச முடியாது, மதாம். அந்தக் கையெல்லாம் போயிடுச்சு," என்றார் ஜாக்கே, ரொம்ப மரியாதையாக.

அந்தச் சொல் மட்டும் வராமல் இருந்திருந்தால் அவள் பேனாவை எடுத்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

"கை போகலைங்க. மேஜை மேலதான் இருக்கு," என்றாள். "இது 1967. அந்த வருஷம் மழை ஜாஸ்தி, புதினால காரமே இல்ல. நான் வடிச்சது. நிறம் மட்டும் எங்க வீட்டுக்காரரோடது. லிண்டன் பூ டீ. இருமலுக்குன்னு போட்டுக் குடுத்தேன், குடிக்காம இதுல ஊத்தியிருக்காரு."

ஜாக்கே மனசுக்குள் கணக்குப் போட்டார். இதை எழுதினால் இவளைப் பெர்னுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். தானும் பதினெட்டு வருடம் ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் தன் டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, மதாம். கண்காட்சில வேற ஏதாவது வச்சுக்கறேன்."

புட்டியை அவர் எடுத்துப் போகவில்லை. மார்செலின் அதைச் சலவை அண்டாவில் முக்கி லேபிளை உரித்தாள். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் ஏறி, வழிப்போக்கர்களுக்கென்று ஊர்க்காரர்கள் புட்டி வைக்கும் ஊற்றுத் தொட்டியில் அதைக் கயிறு கட்டி இறக்கினாள். நூமா உயிரோடிருந்தவரை அது அவனுடைய வேலை.

திரும்பும்போது கல்லறைக்குப் போனாள். பொய்யைக் காப்பாற்ற ஒருவன் பதினெட்டு வருடம் வாசிக்காமலே இருந்திருக்கிறான். அவன் விற்ற பொய்ப் புட்டியின் காசில் வந்த செம்பில்தான் அவள் அத்தனை வருடமும் கலப்படமில்லாமல் காய்ச்சினாள்.

"வாசிச்சிருக்கலாமே, மடையா," என்றாள் மெதுவாக. "நான் என்ன கேட்டிருக்கப் போறேன்."