கழுத்தில் வைத்த சிவப்பு வெளிச்சம்

ஊட்டியிலிருந்து கிளம்பும் சுற்றுலா வேன்களில் நான் வழிகாட்டி. கடைசி இருக்கை வரை கேட்கும் குரல் என்ற பெருமை எனக்கு உண்டு. போன சீசனில் பைக்காரா அருவிக்கு முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. டிரைவர் அண்ணன் இறங்கி வந்து, "இது அருவிங்க. வழுக்கும், பாத்துப் போங்க" என்று முடித்துவிட்டார். என் பேச்சு இல்லையே என்று யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

கோயம்புத்தூரில் தொண்டை டாக்டர் சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் வீங்கியிருந்தன. கட்டி இல்லை என்றதும்தான் என் மனைவிக்கு மூச்சு வந்தது. டாக்டர் என்னைக் குரல் பயிற்சி தரும் ஓர் அம்மாவிடம் அனுப்பினார்.

அந்த அம்மா எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா மாதிரி ஒரு கருவியைத் தொண்டையின் இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். அதன் முனையில் சிவப்பு வெளிச்சம். வலியில்லை. சூடு என்றுகூடச் சொல்ல முடியாது.

"இதுலயே குரல் வந்துருமுங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"முதல்ல கிசுகிசுக்கறதை நிறுத்துங்க, அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். லைட்டு வீக்கம் குறைய உதவலாமுங்க. ஆனா நீங்க கத்தறதை விடலேன்னா திரும்ப இங்கதான் வரணும்."

வீட்டில் பேசாமல் இருந்தேன். வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவேன். என்னைப் பார்த்து மனைவியும் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். "ஏனுங்க, சோறு போடட்டுங்களா?" என்பதே ரகசியம் போல வரும். இரண்டு பேர் சத்தமும் கேட்காததால் சண்டை என்று நினைத்து, பக்கத்து வீட்டு அக்கா சமாதானம் பேச வந்துவிட்டார். "என்ன கோவமா இருந்தாலும் வாயத் திறந்து பேசிருங்க" என்றார் என்னிடம். அடக்க முடியாமல் சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. மனைவி அழுதுவிட்டாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன் பிறகும் வாராவாரம் மலை இறங்கி அந்த அம்மாவிடம் போனேன். முதலில் வெளிச்சம், பிறகு தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதிக்கொண்டே முனகும் பயிற்சி. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. குணமானது வெளிச்சத்தாலா பயிற்சியாலா என்று கேட்டேன். "ரெண்டையும் சேத்துத்தான செஞ்சோம், பிரிச்சுச் சொல்லத் தெரியாதுங்க" என்றார் அந்த அம்மா.

மறுபடி வேலைக்குப் போகிறேன். உயர்த்திப் பேசினால் குரல் இன்னும் உடைகிறது. போன வாரம் மசினகுடிக்குப் போன வண்டியில் பின்னால் இருந்த பெரியவர், "சத்தமாச் சொல்லுங்க தம்பி" என்றார். டீக்கடையில் வண்டி நின்றதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வழியில் அவருக்குக் கேட்காமல் போனதையெல்லாம் சொன்னேன்.